கடதாசி மாதிரி செய்ய எந்தத் தாள், எந்த டிசைன்?

சுன்னாகத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். தரம் 8ல் படிக்கும் மகளோடு சேர்ந்து கடதாசியில் கோட்டை, ரயில், கோபுரம் என்று செய்து பார்க்க ஆசைப்படுகிறார். இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு கோட்டையின் டிசைனை, அதாவது வெட்டி மடித்து ஒட்டவேண்டிய துண்டுகள் வரைந்த கோப்பை, சாதாரணப் போட்டோகொப்பித் தாளில் எடுத்தபோது சுவர்கள் நிமிர்ந்து நிற்கவில்லை. பிறகு அதையே கடையில் கொடுத்துப் பிரிஸ்டல் போர்ட் என்ற தடித்த மட்டையில் எடுத்தபோது மடித்த இடமெல்லாம் வெடித்து வெள்ளை தெரிந்தது. யாழ்ப்பாணக் கடைகளில் என்ன தாளைக் கேட்டு வாங்குவது, நல்ல டிசைன்களை எங்கே தேடுவது, செய்து முடித்தவற்றைப் பள்ளிக்கூடக் கண்காட்சியில் விற்கலாமா என்று மூன்றாகக் கேட்கிறார். முதல் இரண்டும் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் படுகிறது: கையில் ஒரு டிசைன் இருக்கும்போது அதற்கு எந்தத் தாள் பொருந்தும் என்று காசு கொடுக்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது? அதிலிருந்து தொடங்குகிறேன். விற்பனையைக் கடைசியில் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்தில் அச்சகத்திலும் புத்தகம் கட்டும் வேலையிலும் நீண்ட காலம் இருந்தவன் நான். பிள்ளைகளுக்குக் கடதாசியில் வீடும் வள்ளமும் கோபுரமும் செய்யக் காட்டிக் கொடுப்பதும் உண்டு. தாளின் இயல்பைப் பற்றிக் கீழே சொல்பவை உறுதியானவை. யார் சோதித்தாலும் அப்படித்தான் வரும். இந்த வேலைக்கு இவ்வளவு கனமான தாள் என்று சொல்லும் எண்கள் என் கைக்குப் பழகிய கணக்கு. உங்கள் கைக்குக் கொஞ்சம் கூடிக் குறையலாம். உடம்பில் மாட்டிக்கொள்ளும் பெரிய முகமூடி, கவசம் எல்லாம் செய்து மேலே ரெசின் பூசுகிற வேலையில் எனக்குப் பழக்கம் இல்லை. அதைச் செய்தவர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

தாளை வாங்கி வைத்துக்கொண்டு டிசைன் தேடாதீர்கள். டிசைனில் இருக்கும் ஆகச் சின்னத் துண்டு, ஆகப் பெரிய சுவர், நீங்கள் பிரிண்ட் எடுக்கப்போகும் இயந்திரம், இந்த மூன்றும்தான் தாளைத் தீர்மானிக்கும். இரண்டு மில்லிமீற்றர் அகலமுள்ள ஒட்டும் மடிப்புகள் (பசை பூசி அடுத்த துண்டோடு சேர்க்கும் ஓரங்கள்) நிறைந்த ரயில் இயந்திரத்துக்குத் தடித்த மட்டை எடுத்தால் எவ்வளவு பொறுமைசாலியும் களைத்துப் போவார். ஒரு சாண் உயரச் சுவருக்கு மெல்லிய தாள் எடுத்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும்.

தாளின் கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் என்பதுதான் அது. ஏ4 தாள் ஒரு சதுர மீற்றரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 80 ஜிஎஸ்எம் போட்டோகொப்பித் தாள் ஒன்று 5 கிராம், 160 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 10 கிராம். கடைக்காரர் 160 என்று தருவது உண்மையிலேயே 160தானா என்று பார்க்க நூறு தாளை நிறுத்தால் போதும். ஒரு கிலோ வரவேண்டும். பிரிஸ்டல் போர்ட் மாதிரிப் பெரிய தாளாக விற்பதில் கனம் எழுதியிருக்காது. அதில் பத்துச் சென்ரிமீற்றருக்குப் பத்துச் சென்ரிமீற்றர் சதுரம் ஒன்றைச் சரியாக வெட்டி, நகைக்கடையில் பாவிக்கும் சின்ன டிஜிட்டல் தராசில் வையுங்கள். அந்தச் சதுரம் 1.8 கிராம் என்றால் தாள் 180 ஜிஎஸ்எம். நூறால் பெருக்கினால் சரி. ஆனால் ஜிஎஸ்எம் நிறையைத்தான் சொல்கிறது, தடிப்பை அல்ல. நன்றாக அழுத்திய பளபளப்பான தாளும் புசுபுசுவென்ற கரட்டுத் தாளும் ஒரே கனத்தில் வேறு வேறு தடிப்பாக இருக்கும். பத்துத் தாளை அடுக்கி அழுத்தி அளந்து பத்தால் வகுத்தால் ஒன்றின் தடிப்பு கிடைக்கும். சாதாரண 80 தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், 160 ஏறக்குறைய அதன் இரண்டு மடங்கு.

என் கணக்கைச் சொல்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான், நுணுக்கமான துண்டுகள் என்றால் 100 முதல் 120. ஒரு கொப்பி அளவு இடத்தில் நிற்கும் வீடு, கோட்டை, பஸ் என்றால் 160. அதற்கு மேல் உயரமான சுவர், அகலமான கூரை என்றால் 200. 250க்கு மேல் போனால் கூர்மையான மடிப்பு வராது, சின்ன மடிப்புகள் திமிறிக்கொண்டு எழும்பும். அதைச் சட்டங்களுக்கும் அடித்தளத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். ஒரு மாதிரியை முழுவதும் ஒரே தாளில்தான் முடிக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சுவர்களை 160லும் யன்னல் சட்டங்களையும் கைப்பிடிகளையும் 100லும் எடுத்தால் பார்வைக்கும் வடிவாக இருக்கும், கைக்கும் சுகம். உங்கள் கோட்டையும் ஒரு கொப்பி அளவு இடத்தில் நிற்பதென்றால் 160 காணும்.

கனத்தைவிட முக்கியமானது கிரெயின். புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காததும் அதுதான். ஆலையில் தாள் ஓடிவரும்போது அதிலுள்ள நார்கள் ஓடும் திசையிலேயே படுத்துக்கொள்கின்றன. அந்தத் திசைக்கு ஒத்து மடித்தால் மடிப்பு நேராக, சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து விளிம்பு கரடுமுரடாகும். நார் ஓடும் திசையில் நிமிர்த்தினால் தாள் விறைப்பாக நிற்கும். குறுக்கே நிமிர்த்தினால் துவளும். உங்கள் சுவர்கள் சாய்ந்ததற்கு மெல்லிய தாள் பாதிக் காரணம். கிரெயின் படுக்கையாக ஓடியிருந்தால் மீதிக் காரணம் அதுதான்.

அதைக் கண்டுபிடிக்க உபகரணம் எதுவும் தேவையில்லை. ஒரே தாளிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் அகலமும் பதினைந்து சென்ரிமீற்றர் நீளமும் உள்ள இரண்டு கீற்று வெட்டுங்கள், ஒன்று நீளவாக்கில், மற்றது குறுக்குவாக்கில். இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒரு முனையைப் பிடித்துப் படுக்கையாக நீட்டுங்கள். அதிகம் தொங்குகிற கீற்றில் நார் அகலப்பக்கமாக ஓடுகிறது. விறைப்பாக நிற்கிற கீற்றில் நீளப்பக்கமாக ஓடுகிறது. அவசரம் என்றால் ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். நார் வழியே கிழித்தால் கோடு போட்டது போல நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் அங்குமிங்கும் இழுக்கும். சின்னத் துண்டு ஒன்றின் ஒரு பக்கத்தை ஈரவிரலால் தடவினாலும் தெரியும். தாள் குழாயாகச் சுருளும், அந்தக் குழாயின் நீளம் நார் ஓடும் திசை. கட்டாக வரும் ஏ4 போட்டோகொப்பித் தாளில் கிரெயின் பெரும்பாலும் நீளப்பக்கமாகத்தான் இருக்கும். கடையில் பெரிய மட்டையிலிருந்து ஏ4ஆக வெட்டித் தருவதில் அந்த உறுதி இல்லை. எந்தப் பக்கமாக வைத்து வெட்டினார்களோ அப்படி இருக்கும், ஒரே கட்டுக்குள்ளேயே இரண்டும் கலந்திருக்கும். ஆகவே வெட்டச் சொல்லும்போது பக்கத்தில் நின்று, எல்லாவற்றையும் ஒரே திசையில் வெட்டச் சொல்லுங்கள். வெட்டிய பிறகு மூலையில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டு வையுங்கள்.

வெளிச்சவீடு மாதிரி வட்டக் கோபுரம் சுருட்டுவதென்றால் கிரெயின் உயரவாக்கில் இருக்கவேண்டும். அப்போது தாள் தானாகவே உருளும். மாறி இருந்தால் உருட்டும்போது பட்டை பட்டையாக முறியும், பார்ப்பவர்களுக்கு அது எட்டுப் பக்கக் கோபுரமாகத் தெரியும். ரயிலின் கொதிகலனுக்கும் பீரங்கிக் குழாய்க்கும் இதுதான் கதை. ஒரு டிசைன் தாளில் சில துண்டுகள் நெடுக்கவும் சில படுக்கவும் கிடந்தால், உருட்டவேண்டிய துண்டு எதுவோ அதற்கு இசைந்த தாளைத் தெரிந்தெடுங்கள். மற்றவற்றை மடிக்கும்போது கொஞ்சம் கவனம் எடுத்தால் சமாளித்துவிடலாம்.

பிரிஸ்டல் போர்ட்டில் எடுத்தது வெடித்ததற்கு வருவோம். கடையில் லேசர் இயந்திரத்தில் எடுத்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். லேசரின் ரோனர் தாளுக்குள் ஊறுவதில்லை. தூளாக விழுந்து சூட்டில் உருகி மேலே படலமாக ஒட்டிக்கொள்கிறது. மடிக்கும்போது அந்தப் படலம் உடையும், கீழே இருக்கும் வெள்ளை தெரியும். கனமான மட்டைக்குச் சூடு போதாவிட்டால் நகத்தால் சுரண்டினாலே உரிந்து வரும். அதனால் பிரிண்ட் கொடுக்கும்போது தாளின் வகையைத் தடித்த தாள் என்று மாற்றிவிட்டு எடுக்கச் சொல்லவேண்டும். அப்போது இயந்திரம் அதற்கேற்ற சூட்டைக் கொடுக்கும். அதோடு மடிப்புக் கோடுகளை முதலில் கீறாமல் மடித்திருந்தால் எந்தத் தாளும் வெடிக்கும். மை தீர்ந்த குமிழ்முனைப் பேனாவை அடிமட்டத்தோடு பிடித்து ஒரு தரம் அழுத்தி இழுங்கள். பள்ளம் விழவேண்டும், தாள் வெட்டுப்படக் கூடாது. கட்டரின் கூர்ப்பக்கத்தால் கீறச் சொல்லும் விளக்கங்களும் உண்டு. 200க்கு மேற்பட்ட மட்டைக்கு அது சரி, மெல்லிய தாளில் பிள்ளைகள் செய்தால் துண்டு கையோடு வந்துவிடும். எல்லாம் கீறி முடித்த பிறகுதான் வெளிக்கோட்டை வெட்டுவது. வெட்டிய துண்டில் அடிமட்டத்தைப் பிடித்துக் கீறுவது கஷ்டம். கடைசியில் வெள்ளையாகத் தெரியும் விளிம்புகளையும் மடிப்புகளையும் அதே நிறப் பென்சிலால் மெல்லத் தடவிவிட்டால், மாதிரி ஒரேயடியாக உயர்ந்து தெரியும். இதைச் செய்யாமல் விடுபவர்கள்தான் அதிகம். மகளுக்கு இதை முதலிலேயே பழக்கிவிடுங்கள்.

சரி, யாழ்ப்பாணத்தில் எதைக் கேட்டு வாங்குவது? நகரத்துப் பெரிய புத்தகசாலைகளிலும் திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தை ஒட்டிய போட்டோகொப்பிக் கடைகளிலும் 160 வெள்ளை ஏ4 மட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்படை, அறிக்கை ஆகியவற்றின் அட்டைக்காக வைத்திருப்பார்கள். பளபளப்பு இல்லாததாகப் பார்த்து எடுங்கள். பிரிஸ்டல் போர்ட் எந்தப் பள்ளிக்கூடக் கடையிலும் கிடைக்கும், நிறங்களிலும் கிடைக்கும், ஆனால் ஒரு கடையில் வாங்கியதும் இன்னொரு கடையில் வாங்கியதும் ஒரே கனமாக இருக்காது. மேலே சொன்ன சதுரத்தை வெட்டி நிறுத்துப் பார்க்காமல் நம்பவேண்டாம். நிறத்தாள் வாங்கும்போது ஒரு ஓரத்தைக் கிழித்து உள்ளே பாருங்கள். உள்ளேயும் அதே நிறம் என்றால் வெட்டிய விளிம்பு உறுத்தாது, அச்சடிக்காமலேயே கூரைக்கும் கதவுக்கும் பாவிக்கலாம். பெரிய தாளாக விற்கும் டிமைத் தாள், கடதாசி மாதிரி செய்வதற்கு மெல்லியது. வெட்டுமுன் பரீட்சித்துப் பார்க்க உதவும். பட்டம் கட்டும் ரிஷூவை யன்னல் கண்ணாடிக்கு உள்ளிருந்து ஒட்டினால், பின்னால் சின்ன விளக்கு வைக்கும்போது அழகாக இருக்கும்.

பலர் நினைக்காத ஒரு இடம் அச்சகங்கள். கலியாண அட்டையும் விசிட்டிங் காட்டும் வெட்டும்போது ஓரத்துண்டுகள் குவியும். நல்ல ஐவரி மட்டை, தடித்த வெள்ளைத் தாள் எல்லாம் அதில் இருக்கும். மரியாதையாகக் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஆனால் ஆர்ட் போர்ட் என்று சொல்லும் பளபளப்பு மட்டையை மாதிரிக்கு எடுக்காதீர்கள். அதன் மேலே வெண்களிமண் பூச்சு இருக்கிறது. மடித்தால் பூச்சு வெடிக்கும், பசை அதற்குள் ஊறாது, வீட்டு இங்க்ஜெட்டின் மை அதில் காயாமல் கையில் பூசிக்கொள்ளும். அடித்தளத்துக்கும் உள்ளே வைக்கும் சட்டங்களுக்கும் ஒரு மில்லிமீற்றர் மட்டை வேண்டும் என்றால், புத்தகம் கட்டுபவர்களிடம் ஸ்ட்ரோ போர்ட் இருக்கும். வீட்டிலேயே பழைய கலண்டரின் பின்மட்டையும் சேர்ட் பெட்டிக்குள் வரும் மட்டையும் அதே வேலையைச் செய்யும்.

வீட்டு இங்க்ஜெட்டில் எடுப்பதாக இருந்தால் இயந்திரத்தின் கையேட்டில் எத்தனை ஜிஎஸ்எம் வரை தாங்கும் என்று பாருங்கள். பின்பக்கத்திலிருந்து தாளை விடுகிற இயந்திரம் தடித்ததையும் எடுக்கும். கீழே தட்டிலிருந்து எடுத்து வளைத்துத் திருப்புகிற இயந்திரம் மட்டையை மடக்கிச் சிக்க வைக்கும். இங்க்ஜெட் மை தாளுக்குள் ஊறுவதால் மடிப்பில் வெடிப்பது குறைவு. அந்த வகையில் மாதிரிகளுக்கு எனக்கு அதுதான் பிடிக்கும். குறை என்னவென்றால், சாய மை வேர்வைக் கைக்கும் பசையின் ஈரத்துக்கும் கரையும். ஒரு இரவு காயவிட்டு, நிறமில்லாத மட் (பளபளப்பு இல்லாத) அக்ரிலிக் ஸ்பிரேயை மெல்லிதாக அடித்தால் தாங்கும். மழை நாளில், காற்று ஈரமாக இருக்கும்போது அடிக்காதீர்கள். பூச்சு வெண்புகை படிந்தது போலப் பூத்துவிடும்.

பசையில் நீண்ட பேச்சு வேண்டாம். புத்தகம் கட்டும் வெள்ளை பைண்டர் கம் போதும். ஈர்க்கின் நுனியால் தொட்டு மெல்லிய படலமாகப் பூசி, கொஞ்சம் இழுபடும் பதம் வந்தபிறகு அழுத்திப் பிடியுங்கள். அதிகம் பூசினால் ஈரத்தில் தாள் நெளியும். குச்சிப் பசை பிள்ளைகளுக்கு வசதி, ஆனால் நாளாக நாளாக விட்டுப்போகும். கோதுமைமாப் பசை பட்டத்துக்கு நல்லது, அலுமாரியில் வைக்கும் மாதிரிக்கு வேண்டாம், பூச்சியை அழைக்கும்.

டிசைன்களுக்கு வருவோம். தொடங்குபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது கனன் நிறுவனத்தின் கிரியேட்டிவ் பார்க் என்ற தளம். உலகக் கட்டடங்கள், மிருகங்கள், வாகனங்கள் என்று நிறைய இருக்கிறது, இலவசம், வெட்டும் தாள் ஒரு கோப்பாகவும் செய்முறை இன்னொரு கோப்பாகவும் இருக்கும். செய்முறையை முதலில் படித்துவிட்டு எடுத்தால் பாதி வேலை முடிந்தது. விண்கலங்களில் மகளுக்கு ஆசை என்றால் நாசாவும் தன் விண்கலங்கள் சிலவற்றின் கடதாசி மாதிரிகளை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. பாடத்தோடும் சேரும். கொஞ்சம் கை பழகிய பிறகு ஐரோப்பியர்களைப் பாருங்கள். கடதாசி மாதிரி அங்கே பழைய கலை: பிரான்சில் எப்பினால் ஊரில் 1796ல் தொடங்கிய பெல்லரின் அச்சகம் வெட்டி ஒட்டும் தாள்களுக்குப் பேர்போனது, ஜெர்மனியில் எஸ்லிங்கனில் 1831ல் தொடங்கிய ஷ்ரைபர் பதிப்பகத்தின் பேரில் கட்டட மாதிரிகள் இன்றும் விற்கின்றன. போலந்தில் 1957 முதல் வந்த மாவி மொடெலாஷ் என்ற சஞ்சிகையால் ஒரு தலைமுறையே கத்தரிக்கோல் பிடிக்கப் பழகியது. அவர்களுடைய விமானங்கள் வழக்கமாக 33ல் ஒரு பங்கு அளவில் இருக்கும், உள்ளே சட்டம், மேலே தோல் என்று நூற்றுக்கணக்கான துண்டு. தரம் 8 பிள்ளைக்கு அது இப்போது வேண்டாம். அந்தச் சஞ்சிகைகளைத் திருட்டாக ஸ்கேன் செய்து போட்டிருக்கும் தளங்களும் கண்ணில் படும். அவற்றைத் தவிருங்கள். களவு என்பது ஒரு பக்கம். ஸ்கேன் செய்யும்போது பக்கம் சற்று நீண்டோ சரிந்தோ போனால் துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தவே மாட்டா.

தேடும்போது ஆங்கிலத்தில் பேப்பர் மாடல், பேப்பர் கிராஃப்ட், கார்ட் மாடல் என்ற மூன்றையும் போட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றும் வேறு ஆட்களிடம் கொண்டுபோய் விடும். பெப்பகுரா என்று ஒரு சொல் அடிக்கடி வரும். அது கணினியில் உள்ள முப்பரிமாண உருவத்தை விரித்துத் தாளில் போட்டுத் தரும் யப்பானிய மென்பொருள். அதில் செய்த கோப்பைத் திறந்து பார்க்க இலவச வியூவர் இருக்கிறது. ஆனால் கணினி விளையாட்டுகளிலிருந்து எடுத்து விரித்த உருவங்கள் பலவற்றில் முக்கோணங்கள் நுணுக்கமாக இருக்கும், ஒழுங்கான செய்முறையும் இராது. அதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

ஒரு டிசைனைப் பிரிண்ட் கொடுக்கும் முன் சிலவற்றைப் பார்ப்பேன். செய்து முடித்த மாதிரியின் உண்மையான போட்டோ இருக்கிறதா, கணினி வரைந்த படம் மட்டுமா? உண்மையான போட்டோ இல்லையென்றால் ஒருவரும் ஒட்டிப் பார்க்காத டிசைனாக இருக்கலாம். துண்டுகளுக்கு இலக்கம் இருக்கிறதா? மலைபோல எழும்பும் மடிப்பும் பள்ளமாக இறங்கும் மடிப்பும் வேறு வேறு கோடாகக் காட்டியிருக்கிறதா? பிடிஎஃப்பை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் கோடு கூர்மையாக நிற்கிறதா, படிக்கட்டு போல உடைகிறதா? ஆகச் சின்ன ஒட்டும் மடிப்பு நான்கு மில்லிமீற்றருக்குக் குறைவென்றால் அதைப் பிள்ளைக்குக் கொடுக்கமாட்டேன். இவ்வளவும் பார்க்கப் பத்து நிமிடம் போகாது, மிச்சம் பிடிப்பது ஒரு கிழமை வேலையை.

பிரிண்ட் எடுக்கும்போது உண்மை அளவில், அதாவது நூறு சதவீதத்தில் எடுங்கள். பிரிண்ட் அமைப்பில் தாளுக்குப் பொருத்து (Fit to page) என்பதை அப்படியே விட்டுவைத்தால் இயந்திரம் தன் இஷ்டத்துக்குச் சுருக்கும். எல்லாப் பக்கமும் ஒன்றாகச் சுருங்கினால் பெரிய கேடில்லை. ஒரு பக்கம் பழுதாகிப் பிறகு வேறு கடையில் அதை மட்டும் திரும்ப எடுத்தால்தான் கூரை சுவரில் இருக்காது. அமெரிக்க டிசைன்கள் பெரும்பாலும் அவர்களுடைய லெட்டர் தாளுக்கு வரைந்தவை. அது 216க்கு 279 மில்லிமீற்றர். நம்முடைய ஏ4 210க்கு 297. ஓரத்தில் வெறும் இடம் இருந்தால் நூறிலேயே எடுக்கலாம், வெட்டுப்பட்டால் எல்லாப் பக்கத்தையும் 97க்குக் குறையுங்கள். வேண்டுமென்றே பெரிதாக்கவோ சிறிதாக்கவோ நினைத்தால் தாளையும் அதே விகிதத்தில் மாற்றவேண்டும். ஏ4ஐ ஏ3 ஆக்கினால் நீள அகலம் 1.41 மடங்கு, 160க்கு வரைந்த டிசைன் அப்போது 220ஐத் தாண்டிய தாளைக் கேட்கும். பாதியாக்கினால் 80 போதும், ஆனால் ஒட்டும் மடிப்புகளும் பாதியாகிவிடும் என்பதை மறக்காதீர்கள்.

இவ்வளவு தேடியும் நம் ஊர்க் கட்டடங்கள் அந்தத் தளங்களில் என் கண்ணில் படவில்லை. அதை ஒரு குறையாக எடுக்காமல் நீங்களும் மகளும் வரையத் தொடங்குங்கள் என்று மனதாரச் சொல்கிறேன். யாழ்ப்பாணக் கோட்டை இதற்கு நல்ல தொடக்கம். போர்த்துக்கேயரிடமிருந்து 1658ல் பிடித்த பிறகு ஒல்லாந்தர் அதை ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். அதன் ஐந்து பக்கத்தையும் சமம் என்று வைத்துக்கொண்டால் ஒரு பக்கத்தின் மதிலையும் ஒரு மூலைக் கொத்தளத்தையும் வரைந்து ஐந்து பிரதி எடுத்தால் போதும். ஒழுங்கான ஐங்கோணத்தின் உட்கோணம் 108 பாகை. அடித்தளத்தைப் பாகைமானி வைத்து வரைந்துவிடலாம். செய்மதிப் படத்தைப் பிரிண்ட் எடுத்து மேலே தாள் வைத்து வரைந்தாலும் சரி. 1875ல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக எழுப்பிய யாழ்ப்பாண மணிக்கூட்டுக் கோபுரம் இரண்டாவதாக இருக்கட்டும். ஒல்லியான உயரமான உருவம், கிரெயின் பாடத்துக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்லை.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை மூன்றாவதாகத்தான் சொல்வேன், செய்யவேண்டும் என்ற ஆசை எல்லாருக்கும் முதலில் அதில்தான் வரும் என்றாலும். 1959ல் திறந்து, 1981ல் எரிக்கப்பட்டு, திரும்ப எழுப்பிய அந்தக் கட்டடத்தை நம் பிள்ளைகள் யன்னல் யன்னலாக எண்ணி வரைவதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். நேர் எதிரே நின்று போட்டோ எடுங்கள். ஒரு கதவின் அகலத்தை அளந்தால் மற்ற அளவெல்லாம் போட்டோவில் விகிதம் பார்த்து வந்துவிடும். வரைபுக் கொப்பித் தாளில் 200ல் ஒரு பங்காக வரையலாம். கஷ்டம் குவிமாடத்தில்தான். அதை இதழ் இதழாக வெட்டிக் கூட்டவேண்டும். அரைக்கோளத்தின் ஆரை 20 மில்லிமீற்றர், இதழ் பன்னிரண்டு என்றால், ஒவ்வொரு இதழின் உயரம் 31.4 மில்லிமீற்றர், அடியில் அகலம் 10.5. மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் 9.1, மூன்றில் இரண்டு பங்கில் 5.2, நுனியில் ஒன்றுமில்லை. இந்தப் புள்ளிகளை வளைகோட்டால் இணைத்தால் இதழ் தயார். கணக்கு எளிது: சுற்றளவைப் பன்னிரண்டால் வகுத்து, அந்த உயரத்துக்குரிய கோணத்தின் கோசைனால் பெருக்குவது. மகள் கோசைன் படிக்க இன்னும் காலம் இருக்கிறது. இப்போதைக்கு நீங்கள் கணக்குப் போட்டுக் கொடுங்கள். குவிமாடத்துக்கு 100 தாள்தான், தடித்தது வளையாது. கூம்புக் கூரை வந்தால் அதைவிடச் சுலபம்: அடியின் ஆரையைச் சரிவின் நீளத்தால் வகுத்து 360ஆல் பெருக்கினால் வெட்டவேண்டிய வட்டத்துண்டின் கோணம். ஆரை 20, சரிவு 40 என்றால் சரியாக அரை வட்டம்.

கணினியில் வரைய விரும்பினால் இங்க்ஸ்கேப் இலவசம். பிளெண்டரில் முப்பரிமாணமாகச் செய்து தாளில் விரித்துத் தரும் இணைப்பும் உண்டு. ஆனால் முதல் டிசைனை அடிமட்டத்தால் வரைந்தால்தான் எங்கே ஒட்டும் மடிப்பு வேண்டும், எங்கே வேண்டாம் என்று விரலுக்குப் புரியும் என்பது என் எண்ணம். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்களும் இருக்கிறார்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் குடித்துக் குறுக்குவாக்கில் பெருக்கும். அந்த நாட்களில் கட்டுப் பிரித்த தாளைத் திரும்பவும் பொலித்தீனில் சுற்றித் தட்டையாக வையுங்கள். ஒரு மாதிரியின் எல்லாப் பக்கத்தையும் ஒரே நாளில் எடுத்துவிடுங்கள். செய்து முடித்ததைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். கறையானும் புத்தகப் பூச்சியும் அந்த வழியாகத்தான் வரும். வெயில் நேரே படும் இடமும் வேண்டாம், சிவப்பும் ரோசும் சீக்கிரம் வெளுத்துவிடும். வேப்பிலை போடுவது நம் வீடுகளில் வழக்கம். அதனால் பூச்சி வராது என்று உறுதி சொல்லமாட்டேன். போடுவதென்றால் சருகாகக் காய்ந்த இலையைப் போடுங்கள், பச்சை இலையின் ஈரம் பூஞ்சணம் பிடிக்க வைக்கும்.

இனி விற்பனை. நான் சட்டத்தரணி அல்ல, பொதுவாகத் தெரிந்ததைச் சொல்கிறேன். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வரைபடங்களையும் பாதுகாக்கிறது. டிசைன் இலவசமாகக் கிடைத்தாலும் உரிமை வரைந்தவருடையதுதான். இலவச டிசைன்களில் பெரும்பாலானவற்றின் கீழே சொந்தப் பாவனைக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். கண்காட்சியில் வைத்துக் காட்டுவதில் பொதுவாகப் பிரச்சினை வராது. பக்கத்தில் வரைந்தவரின் பெயரை எழுதி வையுங்கள். காசுக்கு விற்பது வேறு, அதற்கு அனுமதி வேண்டும். நீங்களே அளந்து வரைந்த கோட்டை என்றால் அந்த டிசைனை வரைந்தவர் என்ற உரிமை உங்களிடம் இருக்கும். மற்றவர்களுடையது என்றால் வரைந்தவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பள்ளிக்கூடக் கண்காட்சி, இத்தனை மாதிரி, சேரும் காசு எதற்கு என்பதை எழுதி, மகள் செய்ததன் போட்டோ ஒன்றையும் இணையுங்கள். தனியாட்களாக வரைபவர்கள் பலர் தங்கள் டிசைன் எங்கோ ஒரு ஊரில் உருவாகி நிற்பதைப் பார்த்துச் சந்தோசப்பட்டுச் சம்மதிப்பார்கள். பெரிய நிறுவனங்கள் சம்மதிப்பது அரிது. பதில் வரும்வரை விலை எழுதவேண்டாம்.